இறந்தவர்களை எண்ணிப் பார்த்த கதை

மாரடைப்பு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும்? உடனே ஆம்புலன்ஸ், இ.சி.ஜி., ஆஸ்பிரின், அடைப்பைக் கரைக்க ஊசி அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி... இன்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் பாதிப் பதில் வந்துவிடும். ஆனால் இந்தப் பட்டியலில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத கதை. அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். இதயத் துடிப்பை அழகாகச் சீராக்கிக் காட்டிய சில மாத்திரைகள், அதே இதயங்களை நிறுத்திக்கொண்டும் இருந்தன என்று 1989-ல் தெரியவந்த கதை இது.

முதலில் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். 1940-கள் வரை மாரடைப்புக்கு வைத்தியம் என்றால் படுக்கைதான். நான்கு முதல் ஆறு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். சில இடங்களில் நோயாளி தன் கையால் சாப்பிடக் கூட விடமாட்டார்கள், நர்ஸ்தான் ஊட்டிவிட வேண்டும். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் போயிருக்கிறது, அந்தப் புண் ஆற ஓய்வு வேண்டும், கால் முறிந்தால் மாவுக்கட்டு போடுவதில்லையா என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஆறு வாரம் அசையாமல் கிடப்பவரின் கால் நாளங்களில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆள் போய்விடுவார். இதய நோயைத் தாண்டி வந்தவர்களைப் படுக்கை கொன்றது.

பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன் என்ற மூத்த மருத்துவரும், அவருடைய இளம் சீடர் பெர்னார்ட் லௌனும் சேர்ந்து 81 நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பலர் தெம்பாகவே இருந்தார்கள். 1952-ல் அதைப் பிரசுரித்தார்கள். "நாற்காலி வைத்தியம்" என்றே அதற்குப் பெயர் வந்தது. இந்த லௌன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார். (பின்னாளில் அணு ஆயுதத்தை எதிர்க்கும் மருத்துவர்கள் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். அந்த அமைப்புக்கு 1985-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நம் கதைக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட மனசு வரவில்லை!)

மாரடைப்பு வந்தவர்களில் பலர் ஏன் திடீரென்று சாகிறார்கள்? இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, பை நிறையப் புழுக்களைப் போட்டது போல நெளிய ஆரம்பித்துவிடும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். ரத்தம் வெளியே போகாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால் இதயம் பழையபடி துடிக்கத் தொடங்கும். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதிர்ச்சி கொடுப்பதை 1956-ல் பால் ஜோல் செய்து காட்டினார். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவென்ஹோவன் குழுவினர், மார்பை அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நடத்த முடியும் என்று காட்டினார்கள். இந்த இரண்டும் கைக்கு வந்ததும், "அப்படியானால் மாரடைப்பு நோயாளிகளை எல்லாம் ஒரே வார்டில் போட்டு, இ.சி.ஜி. திரையை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கலாமே" என்ற எண்ணம் வந்தது. 1961-ல் எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன் இதை எழுதினார். 1962-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே அப்படி ஒரு வார்டைத் திறந்தார். மருத்துவமனைக்குள் வந்த பிறகு இறப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 என்றிருந்தது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை.

வம்பு அந்தத் திரையில்தான் ஆரம்பித்தது.

இருபத்து நான்கு மணி நேரமும் திரையைப் பார்த்தால் என்ன தெரியும்? இதயம் நாம் நினைக்கிற மாதிரி கடிகாரம் போல ஓடுவதில்லை என்று தெரியும். நடு நடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு பழைய தாளம். மிருதங்கக்காரர் சமத்துக்கு முன்னாலேயே ஒரு தட்டு தட்டிவிட்டுச் சமாளிப்பாரே, அது போல. டாக்டர்கள் 'எக்ஸ்ட்ரா பீட்' என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு முந்துதுடிப்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வரும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் மாரடைப்பு வந்த இதயத்தில் அது அடிக்கடி வந்தது. சில சமயம், நெளியும் இதயத்துக்குச் சற்று முன்னால் இந்த முந்துதுடிப்புகள் தெரிந்தன. இவை எச்சரிக்கை மணி, இவற்றை அடக்கினால் மரணத்தைத் தடுக்கலாம் என்ற கருத்து பரவியது. பரப்பியவர்களில் முக்கியமானவர் நம் லௌன். 1971-ல் முந்துதுடிப்புகளை ஆபத்தின் வரிசைப்படி தரம் பிரித்து ஒரு அட்டவணையும் போட்டார். பல் பிடுங்கும் முன் ஈறு மரத்துப் போகப் போடுகிறார்களே, அந்த லிக்னோகெய்ன் மருந்தையே நரம்பு வழியாக ஏற்றினால் முந்துதுடிப்புகள் அடங்கின. மாரடைப்பு வார்டுகளில் அது கிட்டத்தட்ட சடங்காகிப் போனது.

வார்டுக்குள் சரி, வீட்டுக்குப் போனவர்களை எப்படிக் கண்காணிப்பது? அதற்கு ஏற்கெனவே ஒருவர் வழி செய்து வைத்திருந்தார். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் என்பவர், நடமாடும்போதே இ.சி.ஜி. பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். முதலில் செய்தது முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை! பின்னர் சுருங்கிச் சுருங்கிக் கையடக்கமானது. இன்றும் 'ஹோல்டர் டெஸ்ட்' என்று எழுதித் தருகிறார்களே, அவர் பெயர்தான் அது. இந்தக் கருவியை மாட்டி, மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மணிக்குப் பத்துக்கு மேல் முந்துதுடிப்பு உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். ஒன்றல்ல, பல ஆய்வுகளில் இதே முடிவு.

இனி என்ன? முந்துதுடிப்பு அதிகமானால் சாவு அதிகம். மருந்து கொடுத்தால் முந்துதுடிப்பு குறையும். ஆகவே மருந்து கொடுத்தால் சாவு குறையும்! கணக்கு வாத்தியார் கூட முழு மதிப்பெண் போடுவார். மாத்திரையாக விழுங்கக் கூடிய மருந்துகளும் வந்தன. ஃப்ளெகெய்னைடுக்கு 1985-லும், என்கெய்னைடுக்கு 1986-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தது துடிப்புக் கோளாறை அடக்குகின்றன என்பதற்காக. ஆளின் ஆயுளைக் கூட்டுகின்றனவா என்று அப்போது யாரும் சோதித்திருக்கவில்லை.

இங்கே ஒரு மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே ஒரு நோயாளி. ஹோல்டர் தாளில் முந்துதுடிப்பு கொட்டிக் கிடக்கிறது. மாத்திரை எழுதித் தருகிறீர்கள். அடுத்த மாதம் வருகிறார், தாள் துடைத்து விட்டாற்போலச் சுத்தம். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவர் திடீரென்று இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. என்ன நினைப்பீர்கள்? "பாவம், இதயம் ஏற்கெனவே கெட்டுப் போனது, நம்மால் ஆனதைச் செய்தோம்." அவ்வளவுதான். மாத்திரைதான் கொன்றது என்று நினைக்க அங்கே ஒரு தடயமும் இல்லை. மாரடைப்பு வந்தவர் மாரடைப்பு வந்தவர் சாகிற மாதிரியேதான் செத்திருக்கிறார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு தனி மருத்துவரின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

வைத்தியம் பலித்தது என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே ஏமாந்த சம்பவம் இதய மருத்துவத்தில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1950-களில் மார்புவலிக்காரர்களுக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. மார்பெலும்பை ஒட்டி ஓடும் இரண்டு தமனிகளைக் கட்டிவிட்டால் ரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்றார்கள். செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றார்கள், பொய்யில்லை. 1959-ல் சியாட்டில் நகரில் லியோனார்ட் காப் குழுவினர் 17 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தமனியைக் கட்டினார்கள், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது! அடுத்த வருடம் கான்சாஸில் 18 பேரிடம் செய்ததிலும் அதே கதை. அந்த அறுவை சிகிச்சை அத்தோடு ஒழிந்தது. (வெறும் கீறல்தான் என்று நோயாளிகளிடம் சொல்லாமல் செய்தார்கள் என்பது வேறு விஷயம். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது.) ஆனால் வலி குறைந்ததா என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளலாம். உயிர் விஷயத்தில் அப்படி யாரையும் கேட்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். அதுவும் மருந்து சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணினால் போதாது. அதே போன்ற, மருந்து சாப்பிடாத இன்னொரு கூட்டம் வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், நாணயம் சுண்டுவது போலக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். மருந்து கிடைக்காதவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான போலி மாத்திரை கொடுக்க வேண்டும்.

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் இதைச் செய்ய முன்வந்தது. முதலில் 502 பேரிடம் ஒரு முன்னோட்டம். மாத்திரைகள் முந்துதுடிப்பை நன்றாக அடக்குகின்றன என்று உறுதியானது. சாவைப் பற்றிச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. 1987-ல் பெரிய சோதனை தொடங்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'காஸ்ட்' என்று அழைத்தார்கள். அமெரிக்கா, கனடா, ஸ்வீடன் நாடுகளில் 27 மையங்கள். மாரடைப்பு வந்து ஆறு நாள் முதல் இரண்டு வருடம் வரை ஆனவர்கள், மணிக்கு ஆறு முந்துதுடிப்பாவது உள்ளவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு ஆள் சேர்ப்பதே கஷ்டமாக இருந்தது. பல மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை அனுப்ப மறுத்தார்கள். என்ன காரணம் தெரியுமா? "பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுப்பீர்கள். உயிர் காக்கும் மருந்தை மறுப்பது பாவமில்லையா?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் நோயாளி மேல் அக்கறை உள்ள மருத்துவர் அன்றைக்கு அப்படித்தான் பேசியிருப்பார். ஆனால் பின்னர் நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்த அக்கறையால் சோதனைக்கு வெளியே நிறுத்தப்பட்டு உண்மையான மாத்திரையையே விழுங்கியவர்கள் எத்தனை பேரோ!

சோதனையின் அமைப்பு மாத்திரைக்குச் சாதகமாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். சேர்ந்த எல்லோருக்கும் முதலில் உண்மையான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு முந்துதுடிப்பு 80 சதவிகிதமாவது அடங்கியதோ, அவர்களை மட்டும்தான் குலுக்கலுக்கு அனுப்பினார்கள். அதாவது மாத்திரைக்கு மசிந்த இதயங்கள் மட்டும்! புள்ளியியல் திட்டத்திலும் இன்னொரு வேடிக்கை. மாத்திரை நன்மை செய்கிறதா, செய்யவில்லையா என்று ஒரு பக்கத்தை மட்டும் சோதிப்பதாக ஆரம்பத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தீமை செய்யலாம் என்ற பக்கத்துக்கு அதில் இடமே இல்லை. புள்ளியியல் பாடத்தில் ஒருவால் சோதனை, இருவால் சோதனை என்று படித்துவிட்டு இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சோதனை நடக்கும்போதே நடுவில் கணக்கைப் பார்க்க ஒரு தனிக் கண்காணிப்புக் குழு உண்டு. அவர்களுக்கும் எது மருந்து, எது போலி என்று சொல்லாமல் வெறும் குறியெழுத்துகளோடுதான் கணக்கைக் காட்டுவார்கள். 1988 செப்டம்பரில் அவர்கள் பார்த்தபோது திடீர் மரணங்கள் மொத்தம் 22. ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 19. எது மருந்து என்று அப்போது அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சோதனை ஆரம்பக் கட்டத்தில்தான் இருந்தது, எந்தப் பக்கமாக இருந்தாலும் அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது என்று கருதினார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மூன்று இருக்கிற பக்கம்தான் மாத்திரை என்று நினைப்பதுதானே இயல்பு?

1989 ஏப்ரலில் மீண்டும் கூடினார்கள். இந்த முறை குறியெழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்தது. ஃப்ளெகெய்னைடு அல்லது என்கெய்னைடு சாப்பிட்ட 730 பேரில் துடிப்புக் கோளாறால் இறந்தவர்களும், இதயம் நின்று போனவர்களும் 33. போலி மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 9. அந்த இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தச் சொன்னார்கள். எல்லாக் கணக்கும் முடிந்து 1991-ல் வெளியான இறுதி அறிக்கையில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து இறந்தவர்கள் 63. போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26. சராசரியாகப் பத்தே மாதங்களில்! நூற்றுக்கு மூன்றரை சாக வேண்டிய இடத்தில் எட்டுக்கு மேல் செத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஹோல்டர் தாளில் முந்துதுடிப்பு அடங்கிப் போயிருந்தது.

மொத்தம் 89 சாவுகள், 27 மையங்கள். ஒரு மையத்துக்குச் சராசரியாக மூன்று சாவுக்குச் சற்று மேல்தான் வருகிறது. அந்த மூன்றில் இரண்டு மருந்துக்காரர், ஒன்று போலிக்காரர் என்றால் அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? நான் மேலே சொன்ன தனி மருத்துவர் ஏன் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது இப்போது புரிகிறதல்லவா.

ஏன் இப்படி ஆனது? இந்த மருந்துகள் இதயத் தசை செல்களுக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைக்கின்றன. அதனால் மின்சாரத் தகவல் தசையில் பரவும் வேகம் குறைகிறது. நல்ல இதயத்தில் அது பெரிய பிரச்சினை இல்லை. மாரடைப்பால் தழும்பு விழுந்த இதயத்திலோ, ரத்தம் சரியாகப் போகாத தசையிலோ கதை வேறு. தகவல் தழும்பைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வருவதற்குள், முன்பு கடந்து போன இடம் ஓய்வு முடித்து மறுபடி தயாராகிவிடும். அதே தகவல் அங்கே மீண்டும் நுழைந்து வட்டமடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சுழல்தான் நெளியும் இதயமாக முடிகிறது. சின்னச் சின்ன முந்துதுடிப்புகளை அடக்கிக்கொண்டே, பெரிய விபத்துக்கு மருந்து பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது.

முந்துதுடிப்பு அதிகம் உள்ளவர்கள் அதிகமாக இறந்தார்கள் என்ற பழைய ஆய்வுகள் பொய்யா? பொய்யில்லை. அடிபட்ட இதயத்தில் முந்துதுடிப்பும் வரும், சாவும் வரும். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை அடக்கினால் மற்றது ஏன் அடங்க வேண்டும்? இன்னும் ஒன்று. மருந்துக்கு எளிதில் மசிந்த இதயம் கொண்டவர்கள், மசியாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்பதும் காஸ்ட் கணக்கிலேயே பின்னால் தெரிந்தது. அவர்கள் இதயம் முதலிலேயே கொஞ்சம் தெம்பானது, அதனால் மசிந்தது. குலுக்கலும் போலி மாத்திரையும் இல்லாமல் பார்த்திருந்தால் "பாருங்கள், மருந்து வேலை செய்தவர்கள் பிழைத்தார்கள்" என்று அதையே ஆதாரமாகக் காட்டியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான மருந்தும் ஒன்று உண்டு. முந்துதுடிப்பை அடக்குவதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாத புரொப்ரனோலால். பீட்டா பிளாக்கர் வகை. மாரடைப்பு வந்த 3,837 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1981-ல் வந்தது. போலி மாத்திரைக்காரர்களில் 9.8 சதவிகிதம் இறக்க, இதைச் சாப்பிட்டவர்களில் 7.2 சதவிகிதம்தான் இறந்தார்கள். ஹோல்டர் தாளை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது இரண்டாம் பட்சமாகவே தெரிந்திருக்கும்.

காஸ்ட் சோதனையில் மூன்றாவதாக மோரிசிசைன் என்ற மருந்தும் இருந்தது. அதன் மேல் அப்போது குற்றம் தெளிவாகவில்லை என்பதால் அதை மட்டும் வைத்துத் தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் அந்த இரண்டு வாரத்திலும் இந்த முறை போலி மாத்திரைக் கூட்டத்தைச் சேர்த்தார்கள். நல்ல வேளை செய்தார்கள். அந்த இரண்டே வாரத்தில் மருந்து சாப்பிட்ட 665 பேரில் 17 பேர் இறந்தார்கள் அல்லது இதயம் நின்று போனார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 660 பேரில் 3 பேர். 1991-ல் அதுவும் நின்றது. என்கெய்னைடு அதே ஆண்டு சந்தையிலிருந்து வெளியேறியது. ஃப்ளெகெய்னைடு இன்னமும் இருக்கிறது. இதயத்தில் தழும்போ வேறு பழுதோ இல்லாதவர்களின் மேலறைத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கிறார்கள், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. சோதனைக்கு வெளியே இந்த வகை மாத்திரைகளால் அமெரிக்காவில் எத்தனை பேர் இறந்தார்கள்? தாமஸ் மூர் என்ற எழுத்தாளர் 1995-ல் எழுதிய நூலில் ஐம்பதாயிரம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அது மதிப்பீடுதான். ஆனால் பாதியாகக் குறைத்துப் போட்டாலும் ஒரு சின்ன ஊரே காலி.

இதே காலத்தில் நல்ல மருந்து ஒன்று வாசலில் காத்துக் கிடந்தது என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ். இதைத் தரும் கிருமியின் கட்டி கரைக்கும் சக்தியை 1933-லேயே வில்லியம் டில்லெட் கண்டுபிடித்துவிட்டார். 1959-லிருந்து 1988 வரை மாரடைப்பில் இதை வைத்து 33 குலுக்கல் சோதனைகள் நடந்தன. 1992-ல் ஒரு குழு உட்கார்ந்து, அவற்றை வருட வரிசையில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தது. 1973-லேயே, எட்டு சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்தபோதே, உயிர் காக்கிறது என்ற விடை வந்துவிட்டது! அதன் பிறகு 25 சோதனைகள், 34,542 நோயாளிகள். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. இதே 1992-ல் வந்த இன்னொரு ஆய்வு பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தது. கட்டி கரைக்கும் மருந்தைப் பாதிக்கு மேற்பட்ட நிபுணர்கள் பரிந்துரைக்க ஆரம்பித்ததற்கும் ஆதாரம் சேர்ந்ததற்கும் இடையே 13 ஆண்டுகள். அதே புத்தகங்களில் பல, உயிர் காக்கிறது என்று ஒரு சோதனையிலும் காட்டாத லிக்னோகெய்னை எல்லோருக்கும் போடச் சொல்லிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தது மட்டும் போதவில்லை, எண்ணியதை யாராவது கூட்டியும் பார்க்க வேண்டியிருந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை முடித்து வைத்தது 1988-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் வெளியிட்ட ஐசிஸ்-2 சோதனை. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்ந்து கிடைத்தவர்களில் ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 8.0 சதவிகிதம். இரண்டும் கிடைக்காதவர்களில் 13.2. ஒரு மாதம் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே நல்ல பலன். தலைவலிக்குப் போடுகிற மாத்திரை!

இதில் ஒரு சுவையான துணைக்கதை உண்டு. ஆண்களுக்கு எவ்வளவு பலன், வயதானவர்களுக்கு எவ்வளவு பலன் என்று கூறு கூறாகப் பிரித்துக் காட்டும்படி பத்திரிகைத் தரப்பில் கேட்டார்கள். அப்படிப் பிரித்தால் தற்செயலாகவே ஏதாவது கிறுக்கு முடிவு வரும் என்று சொன்ன ஆய்வாளர்கள், அதை நிரூபிக்க ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரினால் கொஞ்சம் கெடுதல், மற்றப் பத்து ராசிக்காரர்களுக்கு அமோகப் பலன் என்று வந்தது! (நம்மூர் மிதுன ராசிக்காரர்கள் பயப்பட வேண்டாம். நாம் சந்திரனை வைத்து ராசி பார்க்கிறோம், அவர்கள் சூரியனை வைத்து.)

கடைசியாக ஒன்று. காஸ்ட் தொடங்குவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1980-ல், இங்கிலாந்தில் ஒரு சிறிய சோதனை நடந்தது. லோர்கெய்னைடு என்ற, அதே வகையைச் சேர்ந்த மருந்து. மாரடைப்பு வந்த 95 பேர். முந்துதுடிப்பு நன்றாகவே அடங்கியது. மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள், போலி மருந்து பெற்றவர்களில் ஒருவர். அந்த வித்தியாசம் தற்செயல் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வணிகக் காரணங்களால் அந்த மருந்தைத் தயாரிப்பதும் கைவிடப்பட்டது, ஆகவே சோதனை முடிவைப் பிரசுரிக்கவில்லை. யாரும் எதையும் மறைக்க வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. வராத மருந்தைப் பற்றி யார் படிக்கப் போகிறார்கள் என்று மேசை இழுப்பறைக்குள் போனது. காஸ்ட் முடிவுகள் எல்லாம் வந்த பிறகு, 1993-ல், அவர்களே அதை எடுத்துப் பிரசுரித்தார்கள். பிரசுரமாகாத ஆய்வால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுடையதே உதாரணம் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு, அன்றைக்கே வெளியிட்டிருந்தால் பின்னால் வரப்போவதற்கு அது ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று உள்ளே எழுதினார்கள்.